விரதம் முடிந்த மறுநாள்

சித்தூரிலும் திருப்பதியிலும் ஒரே தெருவில் இரண்டு விரத மாதங்கள் வந்துபோகின்றன. தமிழ்க் குடும்பங்கள் பல புரட்டாசியில் புலாலைத் தவிர்க்கின்றன. அடுத்த வீட்டுத் தெலுங்குக் குடும்பங்கள் பல கார்த்திக மாதத்தில் தவிர்க்கின்றன. மதுப் பழக்கமுள்ளோர் சிலர் அந்நாட்களில் அதையும் ஒதுக்கிவைக்கின்றனர். மாதம் முடிந்ததும், விட்டுவைத்தவை யாவும் வட்டியோடு திரும்பிவிடுகின்றன. விரதத்தை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் இறைச்சிக் கடைகளின் முன் நீளும் வரிசையைக் கண்டோர் இதனை அறிவர்.

விரதத்துக்கும் விருந்துக்கும் இடையே இப்பொழுது ஒரு புதிய சொல் புகுந்திருக்கிறது. அது ‘டீடாக்ஸ்’. உடலில் தேங்கிய நச்சுகளை 3 நாட்களில், 7 நாட்களில், 21 நாட்களில் வெளியேற்றுவதாகக் கூறும் பொடிகள், சாறுகள், தேநீர்ப் பொட்டலங்கள் ஆகியவை கைப்பேசி விளம்பரங்களிலும் கடைகளிலும் நம்மைத் தேடி வருகின்றன. அவற்றுக்காக ஆயிரக்கணக்கில் செலவிடுவோரும் உள்ளனர். உடல்நலத்தின் மீது அக்கறை பிறப்பது நல்லதே. ஆயினும், அந்த அக்கறை எவ்வழியில் செலவாக வேண்டும் என்பது குறித்துச் சிந்திக்க வேண்டியுள்ளது.

நச்சுநீக்கத்தைத் தொடங்க விரும்புவோர் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து. எதை நிறுத்துவது என்று முடிவு செய்து, அம்முடிவை விரதம் முடிந்த பின்னரும் தொடர்வதே அவர்கள் செய்ய வேண்டியது. அதற்கான பயிற்சி நம் வட்டாரத்தில் தலைமுறைகளாக இருந்துவருகிறது. அப்பயிற்சியை இடையில் கைவிடுவதுதான் நமது குறை.

உடலின் துப்புரவுப் பணியாளர்கள்

நச்சுநீக்கம் என்ற சொல் மருத்துவத்தில் தெளிவான பொருளுடையது. மதுவுக்கோ போதைப் பொருளுக்கோ அடிமையானவரை மருத்துவக் கண்காணிப்பில் அதிலிருந்து விடுவிப்பதை அது குறிக்கும். ஈயம் போன்ற உலோகம் இரத்தத்தில் மிகுந்திருப்பது பரிசோதனையில் உறுதியானால், அதனைப் பிணைத்து வெளியேற்றும் மருந்து தருவதையும் குறிக்கும். இவ்விரண்டிலும் நஞ்சு எது, எவ்வளவு, எவ்வாறு வெளியேறுகிறது என்பவற்றை அளந்து கூற இயலும். விளம்பரங்களில் வரும் நச்சுக்குப் பெயரும் இல்லை, அளவும் இல்லை.

நலமாக உள்ள ஒருவரின் உடலில் இப்பணி இடையறாது நடைபெற்றுக்கொண்டே இருக்கிறது. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டுகின்றன. அதில் 99 விழுக்காட்டை உடலுக்கே திருப்பியளித்து, எஞ்சியதைக் கழிவுகளோடு சிறுநீராக வெளியேற்றுகின்றன. இரத்தத்தின் நீர்மப் பகுதி முழுவதும் ஒரு நாளில் 60 முறை இவ்வாறு வடிகட்டப்படுகிறது. கல்லீரல், உணவிலும் மருந்திலும் மதுவிலும் இருந்து வரும் வேதிப்பொருள்களைச் சிதைத்து, நீரில் கரையும் வடிவுக்கு மாற்றி, பித்தத்தின் வழியாகவும் சிறுநீரின் வழியாகவும் அனுப்புகிறது. நுரையீரல், குடல், தோல் ஆகியவையும் தத்தம் பங்கைச் செய்கின்றன.

இவ்வுறுப்புகளின் வேகத்தை நம் விருப்பப்படி கூட்ட முடியாது. மதுவை எடுத்துக்கொள்வோம். கல்லீரல் ஒரு மணி நேரத்தில் சுமார் 10 கிராம் ஆல்கஹாலையே சிதைக்க வல்லது. 180 மில்லிலிட்டர் விஸ்கியில் ஏறத்தாழ 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. அது முற்றிலும் நீங்குவதற்குக் குறைந்தது 6 மணி நேரம் ஆகும். எலுமிச்சைச் சாறு, மோர், கறுப்புக் காப்பி ஆகியவற்றில் எதைக் குடித்தாலும் அந்நேரம் குறைவதில்லை. சுமையைக் குறைப்பது ஒன்றே நமது கையில் உள்ளது.

சாறும் சங்கடமும்

சந்தையில் விற்கப்படும் நச்சுநீக்க உணவுமுறைகள் குறித்து ஆஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015ஆம் ஆண்டு ஒரு திறனாய்வுக் கட்டுரை வெளியிட்டனர். வணிக முறையில் விற்கப்படும் அவ்வுணவு முறைகளின் பயனை மனிதரிடத்தில் முறையாக ஒப்பிட்டுச் சோதித்த ஆய்வு ஒன்றுகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. சில நாட்கள் சாறு மட்டும் அருந்தினால் எடை குறைவது உண்மைதான். அவ்விழப்பில் பெரும்பங்கு நீரும் தசையில் சேமிக்கப்பட்டிருந்த மாவுச்சத்துமே ஆகும். வழக்கமான உணவு திரும்பியதும் எடையும் திரும்பிவிடும்.

பயனில்லை என்பதோடு நின்றிருந்தால் பணத்தோடு போயிற்று என்று விட்டுவிடலாம். தீங்கு நேர்ந்த நிகழ்ச்சிகளும் உள்ளன. 2010ஆம் ஆண்டு டெல்லியில் அறிவியலாளர் ஒருவர் உடல்நலத்துக்காக அருந்திவந்த சுரைக்காய்ச் சாற்றால் உயிரிழந்தார். அன்றைய சாறு கசந்திருந்தது. வெள்ளரிக் குடும்பத்துக் காய்கள் சிலவற்றில் குகர்பிட்டாசின் என்னும் நச்சுப்பொருள் மிகும்போது அத்தகைய கசப்பு உண்டாகும். இதனையடுத்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் வல்லுநர் குழு ஒன்றை அமைத்தது. சாறு பிழியும் முன் காயின் சிறு துண்டைச் சுவைத்துப் பார்க்க வேண்டும், கசந்தால் எறிந்துவிட வேண்டும், வேறு சாற்றோடு கலக்கலாகாது, அருந்தியபின் குமட்டலோ வாந்தியோ வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்று அக்குழு அறிவுறுத்தியது. இந்நச்சுக்கு முறிவு மருந்து இல்லை என்பதையும் அது சுட்டிக்காட்டியது. மருந்து என்று எண்ணிக் குடிக்கும்போது கசப்பையும் பொறுத்துக்கொள்கிறோம். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

கேரளத்தில் நிகழ்ந்தது மற்றொன்று. இலும்பன்புளி எனப்படும் பிலிம்பிக் காயின் சாற்றைக் கொழுப்பைக் குறைப்பதற்காக அடர்த்தியாக அருந்திய 10 பேருக்குத் திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு ஏற்பட்டதை 2013இல் மருத்துவர்கள் பதிவு செய்தனர். அவர்களுள் 7 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. காயிலுள்ள ஆக்ஸலேட் என்னும் பொருள் சிறுநீரகத்தில் படிகமாகத் தங்கியதே காரணம். கறியில் புளிப்புக்காக இரண்டு காய் சேர்ப்பதற்கும், வெறும் வயிற்றில் ஒரு குவளை சாறு குடிப்பதற்கும் உள்ள வேறுபாடு இதனால் விளங்கும்.

மூலிகை மருந்து என்றால் தீங்கில்லை என்ற நம்பிக்கையும் ஆராயத்தக்கது. இணையத்தில் விற்கப்பட்ட 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்த ஓர் ஆய்வு 2008இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்தது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மருந்துகளில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றுள் ஒன்றேனும் காணப்பட்டது. நச்சை நீக்க வாங்கிய பொருளே நச்சைக் கொணரக்கூடும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இவ்வாறு கூறுவது மரபு மருத்துவத்தைப் பழிப்பதாகாது. திருப்பதியில் திருமலை திருப்பதி தேவஸ்தானம் நடத்தும் ஆயுர்வேதக் கல்லூரியும் மருத்துவமனையும் உள்ளன. ஆயுர்வேதம் கூறும் பஞ்சகர்ம சிகிச்சை, நோயாளியின் வலிமையைக் கணித்து, எண்ணெயும் வியர்வையும் கொண்டு உடலை முன்கூட்டியே பதப்படுத்தி, சிகிச்சைக்குப்பின் கஞ்சியில் தொடங்கிப் படிப்படியாக வழக்கமான உணவுக்குத் திருப்பும் நீண்ட ஒழுங்கு உடையது. யார் அதற்குத் தகுதியற்றவர் என்பதையும் அந்நூல்கள் வகுத்துள்ளன. தகுதி பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டிய ஒன்றைப் பொட்டலத்தில் அடைத்து எல்லோருக்கும் விற்பதை அம்மரபே ஏற்காது.

பழைய வழக்கமும் அதன் காரணமும்

ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழந்தைகளுக்கு விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதிக்கு விடுவது முன்பு நம் வீடுகளில் வழக்கமாக இருந்தது. குடற்புழுக்கள் பரவலாக இருந்த காலத்தில் அதற்கு ஒரு காரணம் இருந்தது. இன்று அப்பணியை அல்பெண்டசோல் மாத்திரை செய்கிறது. 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளன்று பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அம்மாத்திரை கட்டணமின்றி வழங்கப்பட்டுவருகிறது. காரணம் மாறியபின் பழைய முறையைப் பெரியோர்க்கான ‘குடல் சுத்தம்’ என்று புதுப்பிப்பதில் பொருளில்லை. அடிக்கடி பேதியாவதால் உடல் இழப்பது நீரும் உப்புகளுமே.

ஏகாதசி விரதம் வேறு வகையானது. மாதத்தில் இருமுறை உணவைக் குறைப்பதும், மறுநாள் துவாதசியில் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் ஆகியவற்றோடு எளிய உணவு கொள்வதும் அதன் முறை. விரதத்தை எவ்வாறு முடிப்பது என்பதற்கும் அது விதி வகுத்திருக்கிறது. திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’ என்று பெயர் பெற்றிருந்தும், அதில் பெரிதும் பேசப்படுவது அளவறிந்து உண்பதும் பசித்தபின் உண்பதுமே. நம் முன்னோர் நச்சுநீக்கத்தைப் பேதியில் மட்டுமன்றி அளவிலும் கண்டனர். இவ்விரண்டனுள் இன்று நாம் காக்க வேண்டியது அளவு என்னும் பாடமே.

உண்மையான சுமை எங்கே?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனமும் இணைந்து நடத்திய பேராய்வின் முடிவுகள் 2023இல் வெளிவந்தன. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும், 13.6 கோடிப் பேருக்கு அதன் முன்நிலையும், 31.5 கோடிப் பேருக்கு உயர் இரத்த அழுத்தமும் இருப்பதாக அது மதிப்பிட்டது. 2024இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டி நெறிகள், இந்தியாவின் மொத்த நோய்ச் சுமையில் 56.4 விழுக்காடு தவறான உணவுமுறையால் விளைவது என்று கூறின. மது அருந்தாதோரிடமும் கல்லீரலில் கொழுப்பு படியும் நோய் பெருகியதால், 2021இல் ஒன்றிய அரசு அதனைத் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்தது. நம் உடலின் வடிகட்டிகளைச் சிதைப்பவை எவை என்ற கேள்விக்கு இவற்றில் விடை இருக்கிறது. அவை பெயர் தெரியாத நச்சுகள் அல்ல. நாள்தோறும் நாம் அறிந்தே உட்கொள்ளும் சர்க்கரை, உப்பு, எண்ணெய், மது, புகையிலை ஆகியவையே அவை.

சர்க்கரையிலிருந்து தொடங்குவோம். உணவில் இயல்பாக இல்லாமல் நாம் சேர்க்கும் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள், அதாவது சுமார் 6 தேக்கரண்டிக்குள் இருப்பது நலம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தலா இரண்டு கரண்டி சர்க்கரையிட்ட மூன்று குவளைக் காப்பியிலேயே அவ்வரம்பு நிறைந்துவிடுகிறது. இனிப்பும் குளிர்பானமும் அதற்கு மேல் வருபவை.

இவ்விடத்தில் நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு மயக்கத்தைச் சொல்ல வேண்டும். சித்தூர் வெல்லத்துக்குப் பெயர் பெற்ற ஊர். வெல்லம் தூய்மையானது, ஆகவே எவ்வளவும் சேர்க்கலாம் என்று கருதி, நீரிழிவுள்ளோரும் வெல்லக் காப்பிக்கு மாறிவிடுகின்றனர். வெல்லத்தில் சிறிதளவு தாதுக்கள் உள்ளன என்பது மெய்யே. எனினும் அதன் பெரும்பகுதி சர்க்கரைதான். 100 கிராம் சர்க்கரை 400 கிலோகலோரி தருமெனில், வெல்லம் 380ஐ ஒட்டித் தருகிறது. இரத்தம் இரண்டையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. அவ்வாறே, கிளிமூக்கு எனப்படும் தோத்தாபுரி மாம்பழக் கூழ் நம் பகுதியின் பெருமை. ஆனால் அக்கூழைக் கொண்டு பிற இடங்களில் தயாராகும் பொட்டலப் பானங்களை வாங்கும்போது, பின்புறத்தில் ‘சேர்க்கப்பட்ட சர்க்கரை’ என்ற வரியைப் படித்த பின்னரே வாங்குதல் வேண்டும். பருவத்தில் ஒரு மாம்பழத்தைக் கடித்துத் தின்பதற்கு அது ஈடாகாது.

அடுத்தது உப்பு. நாளொன்றுக்கு 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி போதும் என்பது பரிந்துரை. 2017–18இல் நடைபெற்ற தேசியத் தொற்றா நோய்க் கண்காணிப்பு ஆய்வு, இந்தியர் சராசரியாக 8 கிராம் உட்கொள்வதைக் கண்டறிந்தது. ஆவக்காய், அப்பளம், கருவாடு, மிக்சர் ஆகியவை தட்டில் தவறாமல் இடம்பெறும் வீடுகளில் அது மிகுதியாகவே இருக்கும்.

பொரித்த எண்ணெயும் அவ்வாறே. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் தீங்கான சேர்மங்கள் பெருகுகின்றன. அதனால் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 முதல் கடைகளுக்கு அதன் தரத்தில் உச்சவரம்பு விதித்துள்ளது. வீட்டு வாணலிக்கு ஆய்வாளர் வருவதில்லை. அங்கு நாமேதான் காவல்.

தொடங்குவோர்க்கு ஒரு வரிசை

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முயல்வோர் பெரும்பாலும் ஒரு வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்புகின்றனர். ஆகவே ஒரு வரிசையைப் பின்பற்றலாம்.

முதலாவது, பரிசோதனை. பொட்டலத்துக்குச் செலவிடும் தொகையில் இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, கொழுப்பு, கிரியாட்டினின், கல்லீரல் நொதிகள், சிறுநீர் ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ளலாம். 30 வயதைக் கடந்தோருக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அரசு சுகாதார நிலையங்களில் கட்டணமின்றிச் சோதிக்கப்படுகின்றன. பழைய வருமான வரி முறையைத் தேர்ந்தெடுத்தோர், மருத்துவக் காப்பீட்டுக்கான கழிவின் மொத்த வரம்புக்குள், நோய்த்தடுப்புப் பரிசோதனைச் செலவில் 5,000 ரூபாய் வரை கழிவு கோரலாம். கணக்கின் இருப்பு தெரியாமல் காசோலை எழுதுவோர் இல்லை. உடலின் இருப்பும் அவ்வாறே அறியத்தக்கது.

இரண்டாவது, நிறுத்த வேண்டியது ஒன்றைத் தேர்ந்தெடுத்தல். புகைப்போருக்கு அது புகையிலையாகவே இருக்க வேண்டும். உண்மையில் மிக விரைவாக நிகழும் நச்சுநீக்கம் இதுதான். கடைசி சிகரெட்டுக்குப்பின் 12 மணி நேரத்தில் இரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்சைடு இயல்பு நிலைக்கு இறங்குகிறது. ஓராண்டில் இதயநோய் அபாயம் புகைப்போருக்கு உள்ளதில் பாதியாகிறது. உதவி வேண்டுவோர் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். மதுவைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை அவசியம். நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவந்தோர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் நேரிட்டு உயிருக்கே தீங்காகலாம். அவர்கள் மருத்துவரின் துணையோடுதான் நிறுத்த வேண்டும். 14446 என்ற தேசிய உதவி எண் இதற்கு வழிகாட்டும். இவ்விரு பழக்கங்களும் இல்லாதோர் காப்பியின் சர்க்கரையிலிருந்து தொடங்கலாம். வாரத்துக்கு அரைக் கரண்டி குறைத்தால் நாக்கு முரண்டு செய்யாது.

மூன்றாவது, தட்டை மாற்றுதல். தட்டின் பாதியைக் காய்களும் கீரையும் பழமும் நிரப்பட்டும். எஞ்சிய பாதியைச் சோறும் பருப்பும் பகிர்ந்துகொள்ளட்டும். தமிழர் களி என்றும் தெலுங்கர் சங்கடி என்றும் அழைக்கும் கேழ்வரகு உணவு நம் பகுதியின் செல்வம். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உள்ளது. நார்ச்சத்தும் மிகுதி. எனினும் கேழ்வரகும் மாவுச்சத்தே. சோற்றுக்குப் பதிலாக ஓர் உருண்டை உண்பது நலம். சோற்றோடு சேர்த்து மூன்று உருண்டை உண்பது நலமன்று.

நான்காவது, நடையும் உறக்கமும். வாரத்துக்கு 150 நிமிட நடை என்பது உலக சுகாதார நிறுவனம் கூறும் குறைந்த அளவு. நாள்தோறும் அரைமணி வீதம் ஐந்து நாட்களில் அது நிறைவேறும். இரவு உணவை எட்டு மணிக்குள் முடித்து, கைப்பேசியை வைத்துவிட்டு, ஏழு மணி நேரம் உறங்குவது இதனோடு இணைந்தது. கல்லீரலில் கொழுப்பு படிந்தோர் உடல் எடையில் 7 முதல் 10 விழுக்காடு குறைத்தால் அந்நோயில் தெளிவான முன்னேற்றம் காணலாம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. 80 கிலோ எடையுள்ளவருக்கு அது 6 முதல் 8 கிலோ. ஆறு மாதங்களில் எட்டக்கூடிய இலக்கே அது.

இவற்றுள் எதையும் தொடங்கும் முன் மருத்துவரைக் கலந்தே தீர வேண்டியோர் உண்டு. நீரிழிவுக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளோ எடுப்போர் வயிற்றைக் காயப்போட்டால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். சிறுநீரக நோயாளிகளுக்கு இளநீரிலும் பழச்சாறுகளிலும் உள்ள பொட்டாசியம் இதயத் துடிப்பையே பாதிக்கலாம். உப்புக்கு மாற்றாக விற்கப்படும் பொட்டாசியம் உப்பும் அவர்களுக்கு ஆகாது. கருவுற்றோரும் பாலூட்டுவோரும் முதியோரும் பட்டினி முறைகளைத் தவிர்த்தல் வேண்டும்.

மலையிலிருந்து இறங்கிய பின்

இத்தகைய பொட்டலங்கள் ஒரு தொடக்கத்தையேனும் தருகின்றனவே என்று கேட்போர் உளர். பணம் கொடுத்து வாங்கினால்தான் மனம் ஒரு கட்டுக்குள் வருகிறது என்பது அவர்களின் வாதம். அதில் ஓரளவு உண்மை உண்டு. பழக்கத்தை மாற்றுவதற்கு ஒரு தொடக்க நாளும், ஓர் உறுதிமொழியும், சுற்றத்தாரின் துணையும் தேவைப்படுகின்றன. ஆனால் இம்மூன்றும் நம்மிடம் விலையின்றியே உள்ளன. புரட்டாசியின் முதல் நாளே தொடக்க நாள். வேண்டுதலே உறுதிமொழி. வீடு முழுவதும் சேர்ந்து விரதம் இருப்பதே துணை.

திருமலைக்குச் செல்லும் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். அலிபிரியிலிருந்து ஏறத்தாழ 9 கிலோமீட்டர் தொலைவுக்கு 3,550 படிகள். ஸ்ரீவாரி மெட்டு வழியில் 2,388 படிகள். மலைமீது மதுவும் புகையிலையும் புலாலும் இல்லை. வரிசையில் அமர்ந்து உண்ணும் அன்னப்பிரசாதம் எளிய உணவு. இதய நோய், ஆஸ்துமா போன்றவை உள்ளோர் நடந்து ஏற வேண்டாமெனத் தேவஸ்தானம் அறிவுறுத்தி வருகிறது; அவர்கள் அதனை மதித்தல் வேண்டும். ஏனையோரில், நாளொன்றுக்குப் பத்து சிகரெட் புகைப்பவரும் அன்று ஒன்றுமின்றி இருந்துவிடுகிறார். மாலைதோறும் குடிப்பவரும் அன்று குடிப்பதில்லை. தம்மால் இயலாது என்று அவர் ஆண்டெல்லாம் கூறிவந்தது அன்றொரு நாள் இயன்றுவிடுகிறது. மலையிறங்கி அடிவாரக் கடைக்கு வந்ததும் முதலில் தேடுவது எது என்பதே வினா.

ஒரு மாதம் ஏன் போதவில்லை என்பதற்கும் விளக்கம் உண்டு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரைப் பின்தொடர்ந்து நடத்திய ஆய்வு 2010இல் வெளியாயிற்று. புதிய செயல் ஒன்று தானாக நிகழும் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாட்கள் ஆகின்றன என்று அது கண்டது. சிலருக்கு 18 நாட்கள். சிலருக்கு 254 நாட்கள் வரை. இடையில் ஒரு நாள் தவறினாலும் முயற்சி பாழாவதில்லை என்பதையும் அவ்வாய்வு காட்டியது. நம் விரத மாதம் 30 நாட்களில் முடிந்துவிடுகிறது. பழக்கம் வேர்விடும் வேளையில் நாம் அதைப் பிடுங்கிவிடுகிறோம். தொடர் வைப்புக் கணக்கைப் பாதியில் முறித்தால் என்ன கிடைக்கும் என்பதை வங்கி வாடிக்கையாளர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆதலால், புரட்டாசியில் விட்டவை அனைத்தையும் ஆயுள் முழுதும் விட வேண்டும் என்று இக்கட்டுரை கோரவில்லை. புலால் உண்போர் அளவோடு உண்ணலாம். மீனும் முட்டையும் நல்ல உணவே. விரத மாதத்தில் விட்டவற்றுள் உடலுக்கு உண்மையில் சுமையாவது எதுவோ, அந்த ஒன்றை மட்டும் மேலும் 36 நாட்களுக்கு நீட்டியுங்கள். ஒருவருக்கு அது சிகரெட். மற்றொருவருக்கு மாலை மது. வேறொருவருக்குப் பொரித்த பலகாரம். தீபாவளிப் பலகாரங்கள் நடுவில் வரும். அன்று ஓர் இனிப்பைச் சுவைத்துவிட்டு, மறுநாள் மீண்டும் தொடருங்கள்.

66ஆம் நாள் முடிந்தபின் அதே பரிசோதனையை ஒருமுறை செய்து, முன்னைய அறிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரத்த அழுத்தமோ சர்க்கரையோ எடையோ சற்றேனும் இறங்கியிருந்தால், அது எண்ணால் அளந்து அறிந்த பயன். அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்து எதை விடுவது என்று முடிவு செய்யுங்கள்.